அருகம்புல்லும் என் வீட்டுக்காரரும்

எங்கள் மகள் ஆடும் கால்பந்தாட்டங்களை என் வீட்டுக்காரர் பல வருடங்கள் காருக்குள் உட்கார்ந்துதான் பார்த்தார். மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்துவார். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவார். ஏசியை வெளிக்காற்று வராதபடி திருகிவைப்பார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை உள்ளேயிருந்து கத்துவார். "எட்துக்கினு ஓடு பாப்பா! இன்னா பாக்குற, அடி!" என்பார். வெளியே ஒரு சத்தமும் போகாது. பக்கத்துச் சீட்டில் இருக்கும் என் காதுதான் கிழியும். கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள் என்று சொன்னால், மெதுவாகக் கத்தினால் அவளுக்கு எப்படிக் கேட்கும் என்பார். கணக்குத் தெரிந்த மனிதர்தான். கல்பாக்கத்தில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் பிரிவில் டெக்னீஷியன். ஆனால் மகள் காலில் பந்து வந்துவிட்டால் அந்தப் புத்தியெல்லாம் எங்கோ போய்விடும்.

அவர் காரைவிட்டு இறங்காததற்குக் காரணம் மைதானம் முழுக்கப் படர்ந்திருக்கும் அருகம்புல். அது பூத்திருக்கும்போது பக்கத்தில் போனால் முதலில் தும்மல் வரும், பிறகு கண் சிவக்கும், பிறகு மூச்சுக்குழாய் விசில் அடிக்கும். இன்ஹேலரைத் தேடிக்கொண்டு நான் ஓட வேண்டும். "உன் புருஷனுக்கும் பிள்ளையாருக்கும் ஏதோ வாய்க்கா வரப்புத் தகராறு" என்று என்னோடு வேலை பார்க்கும் தோழி சொல்வாள். அவருடைய அம்மா இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் நூற்றெட்டுக் கொழுக்கட்டை நேர்ந்துகொண்டார். கொழுக்கட்டையை எல்லோரும் சாப்பிட்டோம். தும்மல் அப்படியே இருந்தது.

என் வேலையும் அதே அருகம்புல்தான். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு சிறிய ஆய்வகத்தில், புல்லின் மகரந்தத்திலிருந்து ஒவ்வாமைக்கான ஊசி மருந்துக்குச் சாறு எடுக்கிறோம். எந்த மகரந்தம் ஒருவருக்கு ஆகாதோ, அதையே துளித்துளியாக ஊசி வழியாக உள்ளே அனுப்பி, உடம்பைப் பழக்கப்படுத்துகிற சிகிச்சை அது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். சாறு எடுப்பதும் அவ்வளவு கஷ்டமில்லை. ஒவ்வொரு தடவை எடுக்கிற சாறும் போன தடவை எடுத்த சாற்றுக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரே எடை மகரந்தத்தைப் போட்டு, ஒரே அளவு தண்ணீர் விட்டு எடுத்தாலும், ஒன்றில் வீரியம் இருக்கும், இன்னொன்று சப்பென்று இருக்கும். எடையைக் கேட்டால் எடை பதில் சொல்லாது. ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டபோதுதான் இவர் எனக்குக் கிடைத்தார்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புல் ஒவ்வாமை உள்ளவர்களிடம் கொஞ்சம் ரத்தம் வாங்கி, அதில் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மட்டும் பிரித்து வைத்துக்கொள்வோம். குப்பிகளில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. மகரந்தப் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்து, மெல்லிய தாளில் படியவைத்து, அதன்மேல் சீரத்தை ஊற்றினால், அந்த ஆளுக்கு ஆகாத புரதம் எதுவோ அது மட்டும் கறுத்த பட்டையாகத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஒரே இடத்தில் பட்டை விழும். அதுதான் அருகம்புல்லின் முக்கியப் புரதம். ஒரு குப்பியின் சீரம் மட்டும் அந்த இடத்தில் மை கொட்டினதுபோல் கறுத்தது. அதற்குக் கீழே, வேறு யாருக்கும் விழாத இடத்தில், இன்னொரு மெல்லிய பட்டையும் விழுந்தது. யாரடா இந்த மகராசன் என்று நினைத்துக்கொண்டேன்.

மகராசனே ஒருநாள் நேரில் வந்து நின்றார். தன் குப்பியின் எண்ணைச் சொல்லி, "என் ரத்தத்துல இன்னாதான் கீது, கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்று கேட்டார். பட்டை விழுந்த தாளை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அப்போ நான் நடிக்கல" என்றார். பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்புக்குப் போகாமல் இருக்கத் தும்முகிறான் என்று வாத்தியார் அடித்திருக்கிறாராம். அவருடைய நைனாவும் அதைத்தான் நம்பினாராம். முதல்முறையாக ஒரு தாள் அவர் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறது. அதன் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். இன்றும் அவர் பர்ஸில் அது இருக்கிறது, எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால். இதை வைத்து நான் சண்டை போட்டதும் உண்டு.

ஆக, என் வீட்டுக்காரரின் ரத்தம் எங்கள் அளவுகோலில் ஒரு பங்கு. பல பேருடைய சீரத்தைக் கலந்து வைத்திருக்கும் பொதுச் சீரத்தில் அவருடையதும் இருக்கிறது. ஒவ்வொரு புதுச் சாற்றையும், ஒப்பிடுவதற்கென்றே பத்திரமாக வைத்திருக்கும் எங்கள் மூலச் சாற்றோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, அந்தச் சீரத்தை ஊற்றித்தான் சமமா இல்லையா என்று சொல்வேன்.

மகள் பள்ளி அணியில் சேர்ந்த வருடம்தான் அவர் ஊசிக்கே ஒத்துக்கொண்டார். அதுவரை "இவ்ளோ நாள் ஓட்டியாச்சு, விடு" என்று தட்டிக்கழித்தவர், ஒருநாள் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, "மத்த அப்பனுங்கள்லாம் கோட்டாண்ட நிக்கிறானுங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். டாக்டர் மிகச் சிறிய அளவில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றி, கடைசியில் மாதம் ஒரு ஊசி என்று நிறுத்தினார். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்புவார். இன்னும் கொஞ்ச காலம் விடாமல் போட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றும் சொன்னார். விடாமல் என்பதை அழுத்திச் சொன்னார்.

அந்த ஊசியின் சாறு எங்கள் ஆய்வகத்திலிருந்து போவது. அந்தச் சமயம் பழைய பேட்ச் தீரப்போகிற நிலைமை.

வழக்கமாக மதுராந்தகம் ஏரிக்கரையில் பூத்த கதிர்களைப் பறித்துத் தருகிறவர்கள் இருந்தார்கள். அந்த வருடம் கரையைச் செப்பனிடுகிறோம் என்று புல்லையெல்லாம் வழித்துவிட்டார்கள். அதனால் எங்கள் மேலாளர் செய்யூர்ப் பக்கம் ஆள் பிடித்தார். தரிசு நிலங்களில் அருகம்புல் தனியாக, வேறு புல் கலக்காமல் கிடக்கிற இடம் அது. பறிக்க வந்தவர்கள் கீரையும் பூவும் பறித்துச் சந்தைக்கு அனுப்பிப் பழகிய பெண்கள். கை வேகமான கூட்டம்.

மார்கழியில் ஒருநாள் காலை. இரவு ஷிப்ட் முடித்த கையோடு என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து ஆய்வக வாசலில் செய்யூர் வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்து, பூத்த அருகம்புல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பதறிப்போய் இவரைக் காருக்குள் போகச் சொன்னேன். இவர் போகவில்லை. நின்றார். வண்டிக்குப் பக்கத்தில் போனார். ஒரு கட்டைக் குனிந்து முகர்ந்தே பார்த்தார்.

ஒன்றுமில்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை.

"ஏய், இங்க பாரு. இன்னா ஆவுது? ஒண்ணும் ஆவல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் சாறு இவரைக் குணமாக்கிவிட்டது என்று, வேலைக்கு வந்த இடத்தில் நடுவாசலில் நின்று அழுதேன். வாட்ச்மேன் எதையோ தப்பாக நினைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தார். அன்று சாயங்காலமே மகளிடம் சொல்லிவிட்டார்: "அடுத்த மேட்ச்சுக்கு அப்பா கோட்டாண்ட நிப்பேன்." மகள் "நெஜமாவா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு பூட்ஸைத் துடைக்கப் போய்விட்டாள். அன்று அவள் அதைத் துடைத்த துடைப்பில் புதுசு மாதிரி ஆகிவிட்டது.

கட்டுகளைக் கொட்டகையில் காகிதத்தின்மேல் பரப்பி, காயவைத்து, சலித்து மகரந்தத்தைப் பிரித்தார்கள். சாறு எடுத்து என் மேசைக்கு வந்தது. மூலச் சாற்றுக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். முக்கியப் புரதம் விழவேண்டிய இடத்தில் பழைய கறை மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது. மற்றச் சின்னப் பட்டைகள் ஓரளவுக்கு இருந்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அதுபோல் நான் முதலில் ரசாயனத்தைத் திட்டினேன். பிறகு கரண்ட்டைத் திட்டினேன். திரும்ப ஓடவிட்டேன். அதே மங்கல். கடைசியில் வீட்டுக்காரரின் தனிச் சீரத்தை எடுத்து ஊற்றினேன். மை கொட்டினதுபோல் கறுக்கும் அந்த ரத்தத்துக்கே இது அருகம்புல் என்று சரியாக அடையாளம் தெரியவில்லை.

மிச்சமிருந்த மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மகரந்த மணிகள் நிறைய இருந்தன. பாதிக்கு மேல் உடைந்து, உள்ளே ஒன்றுமில்லாத சக்கையாகக் கிடந்தன. புல் மகரந்தத்தில் தண்ணீர் பட்டால் இப்படித்தான் ஆகும். மூக்கின் ஈரத்தில் பட்டதும் புரதத்தைக் கக்குவதுதான் அதன் பிழைப்பே. அது எங்கோ முன்னாலேயே கக்கிவிட்டு வந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு வாசலில் நின்ற வண்டி நினைவுக்கு வந்தது. இவர் தும்மாமல் நின்றதும் நினைவுக்கு வந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குணமாகவில்லை இவர். புல்லில்தான் சரக்கு இல்லை.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் இன்னும் அதிகமாக வந்தது.

அடுத்த நாள் மேலாளரோடு செய்யூருக்குப் போனேன். வரப்பில் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்த கதிரைக் கட்டாகக் கட்டி, வாளியிலிருந்து கைநிறையத் தண்ணீர் அள்ளி நன்றாகத் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் அடுக்கினார்கள். ஒரு கட்டை இரண்டு உதறு உதறினார்கள். மஞ்சளாகத் தண்ணீர் சொட்டியது. எங்கள் மருந்து அந்த வரப்பில் ஒழுகிப் போவதை நான் நின்று பார்த்தேன்.

"ஏங்க்கா தண்ணி தெளிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர்களில் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாம்மா கேக்குற? தண்ணி தெளிக்காத எட்த்தாந்தா வாடிப்பூடும்ல? சார்தான் போன்ல சொன்னாரு, வாடாத கொண்டாங்கனு."

நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும். சொன்னவருக்கு வாடாமல் என்றால் கசங்காமல், அழுகாமல். கேட்டவர்களுக்குச் சந்தைக்குப் போகும் முளைக்கீரையும் மல்லிகையும். தண்ணீர் தெளிக்காமல் பச்சையை யார் அனுப்புவார்கள்? கொட்டகையில் இறக்கியவர்கள் ஈரத்தைப் பார்த்திருக்கிறார்கள். மார்கழிப் பனி என்று விட்டுவிட்டார்கள். யாரையும் திட்ட வழியில்லாமல் போனது எனக்கு.

பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, காகிதப் பையில் காற்றோட்டமாகப் போட வேண்டும், வாடினால் வாடட்டும் என்று விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வாட வைக்கிறதுக்குனே ஒரு கம்பெனியா? சரிம்மா, வாட வுட்டே தர்றோம்."

திரும்பி வரும்போது மேலாளர் மெதுவாக ஆரம்பித்தார். "ரெண்டு மடங்கு தூள் போட்டு எடுத்தா சரியா வந்துடும்லமா? டாக்டருங்க கேட்டுகினே கீறாங்க." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்துக்காகக் காத்திருப்பவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். எனக்கும் ஒரு நொடி அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் பருப்புக் குறைந்த சாம்பாரைச் சுண்டக் காய்ச்சினால் உப்புதான் ஏறும். முக்கியமானது போன பிறகு மற்றதை இரட்டித்து என்ன பயன்? அதைவிட, இந்தச் சப்பைச் சாற்றில் பழகியவர்களுக்கு அடுத்த பேட்ச் சரியானதாக வந்து, அதே அளவு ஊசி போட்டால் மூச்சு நின்றாலும் நின்றுவிடும். பேட்சைக் கொட்டச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் கொட்டினார்.

வீட்டில் சொல்வதுதான் மலையாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு சாப்பிட என்னால் முடியாது. தண்ணீர் தெளித்தது, மணிகள் சக்கையானது, அதனால்தான் அன்று தும்மல் வராதது, பேட்சைக் கொட்டியது, இனி பழைய மருந்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுச் சமாளிக்க வேண்டியது, எல்லாவற்றையும். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ கொட்டுனது சரிதான்" என்றார். "மீட்டர் தப்பா காட்டுதுனு தெரிஞ்சா நான் மட்டும் கையெழுத்து போடுவனா?" சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "பாப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாத" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. மகள் ஹாலில் இருந்ததால் ரசத்தை ஊற்றினேன்.

அடுத்த ஆட்டத்தின்போது பழையபடி கார், பழையபடி ஏற்றிய கண்ணாடி. இடைவேளையில் மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். கண்ணாடியைத் தட்டி, அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எங்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்று இவர் கத்தவே இல்லை.

தை பிறந்து, வெயில் காய்ந்த ஒரு நாளில் செய்யூரிலிருந்து மறுபடி வண்டி வந்தது. காகிதப் பைகளில், வாடிச் சுருங்கிய கதிர்கள். யாரும் கூப்பிடாமலே இவர் வந்திருந்தார். "தள்ளி நில்லுங்க, ஏங்க!" என்று நான் கத்தினேன். அவர் கேட்கவில்லை. வண்டிக் கதவு திறந்தது. ஒரு பையை இறக்கினார்கள். மஞ்சள் தூசி லேசாக எழும்பியது.

தும்மினார். தெருநாய் எழுந்து ஓடுகிற மாதிரி ஒரு தும்மல். பிறகு இன்னொன்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருடைய தும்மலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். நல்ல சரக்கு வந்துவிட்டது. சந்தோஷம் அடங்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. கைப்பையில் இன்ஹேலரைத் துழாவிக்கொண்டே அவரிடம் ஓடினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"விசில் அடிக்கல" என்றார்.

நான் காதை அவர் முதுகில் வைத்துக் கேட்டேன். வாட்ச்மேன் பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. பழைய நாளாக இருந்திருந்தால் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். அன்று தும்மாமல் நின்றது பொய். இன்று தும்மலோடு நின்றதுதான் நிஜம். ஆனாலும் அவர் அவ்வளவு பக்கத்தில் போனதற்காக வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பேட்ச் மூலச் சாற்றுக்குச் சமமாக வந்தது. பட்டை அதே இடத்தில், அதே கறுப்பில். புதுக் குப்பி என்பதால் டாக்டர் அளவைக் குறைத்துத் தொடங்கி, மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். மாசியில், மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்றார்.

மகாபலிபுரத்தில், சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் காற்று நேராக அடிக்கிற ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டம். இவர் காரைவிட்டு இறங்கினார். வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், மற்ற அப்பாக்களோடு போய் நின்றார். நான் ஓர் எட்டுப் பின்னால், கைப்பையில் இன்னொரு இன்ஹேலரோடு. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து அவர் வாய் மூடவில்லை. "ரைட்ல குடு! ரைட்ல! அவ சும்மா கீறா பாரு!" நடுநடுவே தும்மல் வேறு. வாழ்நாளில் பந்தை உதைத்தறியாத மனிதர், கோல்கீப்பருக்குக்கூட யோசனை சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள்.

இடைவேளையில் மகள் நேராக அவரிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்வை, மூக்கின்மேல் கோபம்.

"ப்பா, ஒன் சத்தத்துல எனக்கு விளையாடவே வரல. நீ போய் கார்லயே உக்காரு."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று அவரைப் பார்த்தேன். அவர் கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் அன்று ஆய்வக வாசலில் பார்த்த அதே முகம்.

"கேட்டியா?" என்றார் என்னிடம். "என் சத்தம் அவளுக்குக் கேக்குதாம்."